நினைவு மரமும் நாலடிக் கிடங்கும்

(எமது சங்கத்தின் நியூ ஜேர்சிக் கிளையினர் நடத்திய சித்திரைப் புத்தாண்டு ஒன்றுகூடலில் ஆற்றப்பட்ட உரை. பேச்சு நடையைப் பெரிதும் மாற்றாமல் இங்கே தருகிறோம்.)



"ஏதாவது பயனுள்ளதாகப் பேசுங்கோ, ஆனால் அரை மணித்தியாலத்துக்கு மேல் இழுக்க வேண்டாம்" என்று செயலாளர் சொல்லியிருக்கிறார். எனக்குப் பின்னால் சிறுவர் நடனம் இருக்கிறது, பட்டிமன்றம் இருக்கிறது. ஆகவே நேரே விசயத்துக்கு வருகிறேன்.

நான் இந்த மாநிலத்தில் ஒரு நகரசபையின் வீதிப் பகுதியில் 20 வருடத்துக்கு மேலாக வேலை செய்கிறேன். நடைபாதை போடுவது, உடைந்தால் கிளப்புவது, திரும்பவும் போடுவது. இதில் பாதி நாள் மரத்தோடு மல்லுக்கட்டுவதிலேயே போய்விடும். ஆனபடியால் மரத்தைப் பற்றிப் பேச எனக்கு ஓரளவு உரிமை இருக்கிறது என்று நினைக்கிறேன். தாவரவியல் படித்தவன் அல்ல. அலவாங்கு பிடித்தவன்.

எங்கட ஊர்ப் பெயர்களை ஒருக்கால் நினைத்துப் பாருங்கோ. ஆலடி, அரசடி, புளியடி, நாவலடி, இலுப்பையடி. ஊருக்கு ஊர் ஒரு புளியடி இருக்கும். யாழ்ப்பாணத்தில் படித்த அக்காமாருக்கு வேம்படி என்றால் அவர்களுடைய பள்ளிக்கூடம். மானிப்பாய்ப் பக்கத்து ஆட்களுக்குச் சித்திரை வருடப்பிறப்பு என்றாலே மருதடிப் பிள்ளையாரின் தேர் தான் ஞாபகத்துக்கு வரும். இந்தப் பெயர்களிலே "அடி" என்று சொன்னது மரம் நிற்கிற நிலத்தை. அந்த நிலம் எத்தனை சதுர அடி என்று ஊரில் ஒருவரும் அளந்து பார்த்ததில்லை. அளக்க வேண்டிய தேவை வரவில்லை. இந்த நாட்டிலே வீதியோரத்தில் மரம் வைக்கிறதென்றால் அளந்து தான் ஆகவேண்டும்.

ஏன் இதை இன்றைக்குச் சொல்ல வருகிறேன் என்று உங்களில் பலருக்குத் தெரியும். எங்கள் மண்டபத்துக்கு முன்னால், வீதிக்கும் நடைபாதைக்கும் நடுவிலுள்ள புல் ஒழுங்கையில், 14 குடும்பங்கள் ஆளுக்கொரு மரம் வைக்கக் கேட்டிருக்கின்றன. ஒவ்வொரு மரத்துக்கும் ஒரு பெயர். இழந்த பிள்ளையின் பெயர், கணவரின் பெயர், தகப்பனின் பெயர். இதற்குள் இருக்கிற வலி எல்லோருக்கும் விளங்கும், நான் விபரிக்கத் தேவையில்லை. திட்டத்திலே போட்டிருப்பது நாலடிக்கு நாலடி கிடங்கு, மூன்றடி ஆழம். எண்ணத்தில் ஒரு பிழையும் இல்லை. என் கவலை எல்லாம் அந்தக் கிடங்கு.

தென்னம்பிள்ளை வைத்த கைகள் இந்தச் சபையிலே கனக்க இருக்கும். தென்னைக்குக் கிடங்கு எப்படி வெட்டுவோம்? மூன்றடி நீளம், மூன்றடி அகலம், மூன்றடி ஆழம். அடியிலே பொச்சுமட்டை அடுக்கி, மேல்மண் போட்டு, பசளை போட்டு, பிள்ளையை வைப்போம். கணக்குப் பார்த்தால் 27 கனஅடி. "ஊரிலே 27 கனஅடியில் வைச்ச தென்னை ஐம்பது அறுபது வருசம் காய்ச்சுது. நாங்கள் இங்கே 48 கனஅடி குடுக்கிறம். காணாதோ?" என்று ஒரு அண்ணை என்னிடம் கேட்டார். நல்ல கேள்வி. ஆனால் தென்னைக்குத் தென்னை எவ்வளவு இடைவெளி விட்டோம் என்பதையும் சேர்த்துக் கேட்க வேண்டும். இலங்கையிலே சொல்லப்படும் கணக்கு 26 அடி. ஏக்கருக்கு 64 மரம். அப்படியென்றால் ஒரு மரத்துக்கு 676 சதுர அடி நிலம். மூன்றடி ஆழம் வரைக்கும் எடுத்தாலே 2,000 கனஅடிக்கு மேல் வருகிறது. 27 கனஅடி என்பது பிள்ளை தவழுவதற்குப் போட்டுக் கொடுத்த பாய் மாதிரி. அது எழும்பி நடக்கத் தொடங்கினால் காணி முழுக்க அதற்குத் தான்.

வீதியோரத்தில் வெட்டுகிற நாலடிக் கிடங்கு அப்படியல்ல. அதற்கு வெளியே காணி இல்லை. ஒரு பக்கம் தெரு, மறுபக்கம் நடைபாதை, கீழே இறுக்கிய மண். கிடங்கு தான் மரத்தின் முழுச் சீவியமும்.

இறுக்கிய மண் என்றேன். அதைக் கொஞ்சம் விளக்க வேண்டும், ஏனென்றால் முழுப் பிரச்சினையும் அதற்குள்ளே இருக்கிறது. நல்ல தோட்டத்து மண்ணை ஒரு கைப்பிடி எடுத்தால் அதிலே ஏறத்தாழப் பாதி தான் மண். மற்றப் பாதி வெறும் இடைவெளி. அந்த இடைவெளிக்குள் தண்ணீரும் காற்றும் மாறி மாறி இருக்கும். வேரும் எங்களைப் போல ஒட்சிசனை எடுத்துத் தான் உயிர் வாழுகிறது. நாங்கள் நடைபாதை போடும்போது என்ன செய்கிறோம்? இயந்திரத்தைக் கொண்டு வந்து அந்த இடைவெளியை எல்லாம் நசுக்கி எடுக்கிறோம். ஆய்வுகூடத்தில் அந்த மண்ணை எவ்வளவுக்கு இறுக்க முடியுமோ அதில் 95 வீதம் வரை இறுக்க வேண்டும் என்பது வழமையான விதி. அப்படிச் செய்யாவிட்டால் கொங்கிறீற் தாழும், வெடிக்கும், ஒரு வயோதிபர் தடக்கி விழுவார், வழக்கு வரும். அதனாலே எஞ்சினியர் கேட்கிறதும் நியாயம். மரம் கேட்கிறதும் நியாயம். ஆனால் இரண்டும் ஒன்றுக்கொன்று நேர் எதிர்.

மேலே கொப்பு எப்படிப் படர்ந்திருக்கிறதோ, கீழே வேரும் அதே மாதிரி ஆழத்துக்கு இறங்கியிருக்கும் என்று கனபேர் நினைக்கினம். பாடப்புத்தகத்திலும் அப்படித் தான் படம் கீறியிருந்தது. நான் கிளப்பிப் பார்த்த மரங்களிலே அப்படி ஒன்றையும் காணவில்லை. பெரும்பாலான வேர் மேல்மட்டத்து இரண்டடிக்குள்ளே தான் ஓடும், ஏனெண்டால் காற்று அங்கே தான் இருக்கிறது. பக்கவாட்டிலே கொப்பின் விரிவைப் போல இரண்டு மடங்கு, மூன்று மடங்கு தூரம் கூடப் போகும். போக விட்டால்.

விடாவிட்டால் என்ன நடக்கும்? இரண்டில் ஒன்று. ஒன்று, மரம் பூச்சாடியில் வைத்தது மாதிரி கிடங்குக்குள்ளேயே சுற்றிச் சுற்றி, ஒருநாள் கோடையில் நுனி காய்ந்து, பிறகு கொஞ்சம் கொஞ்சமாக முடிந்து போகும். மற்றது, வேர் வழி தேடும். கொங்கிறீற்றுக்கும் அதன் கீழுள்ள இறுகிய மண்ணுக்கும் நடுவிலே நூல் மாதிரி ஒரு இடைவெளி இருக்கும். இரவிலே கொங்கிறீற் குளிர, அதன் அடியில் ஈரம் பிடிக்கும். ஈரமும் காற்றும் உள்ள ஒரே இடம் அது தான். வேர் அதற்குள்ளே நுழையும், நுழைந்தால் பருக்கும், பருத்தால் கொங்கிறீற் எழும்பும். "உங்கட மரம் எங்கட நடைபாதையைத் தூக்கிப் போட்டுது" என்று முறைப்பாடு வரும். நாங்கள் போய் வேரை வெட்டிவிட்டுப் புதுக் கொங்கிறீற் போடுவோம். ஒரு பக்கத்து வேர் போன மரம் அடுத்த புயலுக்கு எந்தப் பக்கம் சாயும் என்று நான் சொல்லத் தேவையில்லை. 2012 ஒக்ரோபரிலே சான்டி அடித்தபோது இந்த மாநிலத்திலே இருந்தவர்களுக்கு அது எப்படியிருந்தது என்று தெரியும். நாட்கணக்காக மின்சாரம் இல்லாமல் இருட்டுக்குள்ளே இருந்தோம். அதற்குக் கம்பியில் விழுந்த மரங்களும் ஒரு காரணம்.

நகரத்து வீதி மரம் ஏழு வருடம் தான் நிற்கும், பதின்மூன்று வருடம் தான் நிற்கும் என்று ஒரு கதை இந்தத் துறையிலே நெடுநாளாக உலாவுகிறது. அது அவ்வளவு சரியில்லை. 2011இல் லாரா றோமன், பிரெடறிக் ஸ்கற்றீனா என்ற இருவர் பல ஊர்களின் பதிவுகளைச் சேர்த்து ஆராய்ந்தார்கள். வீதி மரத்தின் சராசரி ஆயுள் 19 முதல் 28 வருடம் என்பது அவர்கள் கண்ட கணக்கு. பயப்பட்ட அளவுக்கு இல்லை என்று சந்தோசப்படலாம். ஆனால் நாங்கள் வைக்கப் போவது ஓக் மரம். ஓக் மரத்துக்கு 20 வருடம் என்பது பள்ளிக்கூடம் போகிற வயது. இந்த மாநிலத்தில் பாஸ்கிங் றிட்ஜ் என்ற ஊரிலே தேவாலயத்து மயானத்தில் ஒரு வெள்ளை ஓக் நின்றது. சுமார் 600 வருடம் பழையது. ஜோர்ஜ் வாஷிங்டன் அதன் நிழலிலே இருந்தார் என்று சொல்லுவினம். 2016இல் அது பட்டுப் போனது, 2017 சித்திரையில் இறக்கினார்கள். மயானத்திலே அதைச் சுற்றி ஒருவரும் வாகனத் தரிப்பிடம் கட்டவில்லை என்பதைக் கவனியுங்கோ.

கலிபோர்னியாக் கிளையில் இருந்து வந்திருக்கும் தம்பிமாருக்கு சான் பிரான்சிஸ்கோக் கதை தெரியும். அங்கே வீதியிலே எங்கட ஆல், அரசு, அத்தி இனத்தைச் சேர்ந்த ஒரு மரத்தை ஆயிரக்கணக்கில் நட்டார்கள். இந்தியன் லோரல் என்று பெயர். என்றும் பச்சை, நல்ல நிழல். ஆனால் அந்த இனத்தின் வேரைப் பற்றி எங்களிடம் கேட்டிருந்தால் நாங்கள் சொல்லியிருப்போம்! கோயில் கோபுரத்தில் முளைத்தாலே கல்லைப் பிளக்கிற சாதி அது. சின்னக் கிடங்குக்குள்ளே விட்டால் நடைபாதை என்ன பாடு படும்? அந்த நகரத்திலே வீதி மரங்களில் பெரும்பகுதியையும், அவை உடைக்கிற நடைபாதையையும் முன்வீட்டுக்காரர் தான் பார்க்க வேண்டும் என்றிருந்தது. சனத்துக்குக் கோபம் வராமல் என்ன செய்யும். 2016 நவம்பரிலே வாக்கெடுப்பு வைத்து, 2017 ஜூலை முதலாம் திகதியிலிருந்து சுமார் 124,000 வீதி மரங்களின் பராமரிப்பை நகரமே பொறுப்பெடுத்தது. ஆண்டுக்கு 19 மில்லியன் டொலர் ஒதுக்கீடு. அதற்குப் பிறகும் இந்த லோரல் மரங்களை வெட்டுவதா விடுவதா என்ற சண்டை ஓயவில்லை. நட்ட அன்று அகலமாகக் கிண்டியிருந்தால் இந்தப் பணத்தில் பாதி மிஞ்சியிருக்கும் என்பது என் சொந்த அபிப்பிராயம்.

ரெக்சாஸிலே மண் வேறு குணம். ஹியூஸ்ரன் பக்கத்துக் களிமண் மழைக்கு ஊதும், வெயிலுக்குச் சுருங்கி வெடிக்கும். 2011ஆம் ஆண்டு வரட்சியிலே அந்த மாநிலத்து நகரப் பகுதிகளில் மாத்திரம் 56 இலட்சம் மரங்கள் செத்துப் போயின என்று மாநில வனத் திணைக்களம் மதிப்பிட்டது. எந்த மரமும் குடிக்கிற தண்ணீர் அது நிற்கிற மண்ணுக்குள் தேங்கியிருக்கிற தண்ணீர் தான். மண் குறைந்தால் தண்ணீர்த் தொட்டி சின்னன். இரண்டு கிழமை மழை இல்லை என்றால் பெரிய தொட்டிக்காரன் தாங்குவான், சின்னத் தொட்டிக்காரன் தாங்க மாட்டான். அதே மாநிலத்தில் லீக் சிற்றி என்ற ஊரிலே 2012இல் வீதியை அகலமாக்க வந்தபோது 100 வயது தாண்டிய ஓக் மரம் ஒன்றை வெட்ட மனமில்லாமல், வேரோடும் மண்ணோடும் பெட்டி கட்டி, சுமார் 1,500 அடி நகர்த்தி வைத்தார்கள். கிட்டத்தட்ட இரண்டு இலட்சம் டொலர் செலவு. அந்தப் பெட்டிக்குள்ளே மரத்தின் பாரத்தை விட மண்ணின் பாரம் தான் கூட.

எங்கட பக்கமும் இதே கதை தான். 2016 டிசம்பர் 12இல் வர்தா புயல் சென்னையில் ஆயிரக்கணக்கான மரங்களைச் சாய்த்தது. மழைநீர் வடிகாலுக்கும் கேபிளுக்கும் என்று வேரைத் தறித்து, அடிமரம் வரைக்கும் சீமெந்து பூசினால் மரம் எதைப் பிடித்துக்கொண்டு நிற்கும்? டெல்லியில் 2013 சித்திரை மாதம் பசுமைத் தீர்ப்பாயம் ஒரு கட்டளை போட்டது: மரத்தைச் சுற்றி ஒரு மீற்றர் தூரத்துக்குள் இருக்கிற கொங்கிறீற்றை உடைத்து எடு என்று. ஒரு மீற்றர் பெரிய தாராளம் இல்லை. ஆனாலும் நீதிமன்றம் வரை போய்த் தான் மரத்துக்கு மூச்சு விட இடம் கேட்க வேண்டியிருக்கிறது, பாருங்கோ.

சரி, ஒரு மரத்துக்கு எவ்வளவு மண் வேணும்? நியூ யோர்க் மாநிலத்திலே கோர்னெல் பல்கலைக்கழகத்தில் பேராசிரியை நீனா பாசுக்கும் அவருடைய குழுவினரும் 1990களின் தொடக்கத்தில் இதைக் கணக்கிட்டார்கள். மரம் ஒரு நாளைக்கு எவ்வளவு தண்ணீர் குடிக்கும், மழைக்கும் மழைக்கும் நடுவில் எத்தனை நாள் காயும் என்று பார்த்து வந்த கணக்கு அது. மரத்தின் நிழல் விழுகிற இடத்தில் ஒவ்வொரு சதுர அடிக்கும் ஏறத்தாழ 2 கனஅடி மண். 30 அடி அகலத்துக்கு விரியும் மரம் என்றால் நிழல் சுமார் 700 சதுர அடி. ஆகவே 1,400 கனஅடி. மற்ற நிபுணர்கள் கொஞ்சம் கூட்டிக் குறைத்துச் சொல்லுவார்கள். பெரிய மரத்துக்கு 1,000 கனஅடி என்பது இப்போது பலரும் ஒத்துக்கொள்கிற அளவு. எங்கள் திட்டத்தில் இருப்பது 48. இருபதில் ஒரு பங்கும் இல்லை.

நகரத்தின் நடுவிலே ஆயிரம் கனஅடிக்கு எங்கே போவது? நடைபாதைக்குக் கீழே தான் போக வேண்டும். அதற்கு வழி கண்டுபிடித்தவர்களில் ஒருவர் எங்கள் மாநிலத்து றட்கேர்ஸ் பல்கலைக்கழகத்துக்குப் பின்னர் பேராசிரியராக வந்த ஜேசன் கிறபொஸ்கி. அவர் கோர்னெலில் பாசுக்கிடம் படித்த காலத்தில், 1990களில், இருவரும் சேர்ந்து உருவாக்கியது கல்மண் கலவை. விளக்கம் சுலபம். ஒரு கடகம் நிறையத் தேங்காயை அடுக்குங்கோ. அதன் மேலே ஒரு ஆள் ஏறி நின்றாலும் பாரத்தைத் தேங்காய் தேங்காயாகக் கை மாற்றித் தாங்கும். இனி இடைவெளிக்குள்ளே உமியைக் கொட்டுங்கோ. மேலே ஏறி மிதித்தாலும் உமி நசியாது. அதே போல 80 வீதம் உடைத்த கல், 20 வீதம் களி கலந்த மண், மண் கல்லிலே ஒட்டுவதற்குக் கொஞ்சம் பசை. அதை எஞ்சினியர் விருப்பத்துக்கு இறுக்கலாம். கல் பாரத்தைத் தாங்கும், வேர் கல்லுக்கு நடுவால் போகும். மிகக் கெட்டித்தனமான யோசனை. ஒரு குறையும் இருக்கிறது: ஆயிரம் கனஅடி கலவை போட்டால் அதிலே உண்மையான மண் 200 கனஅடி தான். வியாபாரிகள் இதைச் சொல்ல மாட்டினம்.

மற்ற வழி, நடைபாதையையே பாலம் மாதிரித் தூக்கி நிறுத்துவது. கீழே மண் இறுக்கப்படாமல் இளகலாகக் கிடக்கும். வட கரோலைனாவின் சார்லட் நகரத்திலே 1985இல் இப்படி 170 அளவில் வில்லோ ஓக் மரங்களை நட்டார்கள். மரத்துக்குச் சுமார் 700 கனஅடி மண். கால் நூற்றாண்டு கழித்துப் பார்த்தபோது நாற்பதடிக்கு மேல் வளர்ந்து, நகர நடுவிலே தோப்பு மாதிரி நின்றன. 2007இலிருந்து இதே வேலைக்குப் பிளாஸ்ரிக் சட்டங்கள் கிடைக்கின்றன. சில்வா செல் என்று பெயர்; சான் பிரான்சிஸ்கோவில் உள்ள கொம்பனி. விலை அதிகம். சுவீடனில் ஸ்ரொக்ஹோம் நகரத்தார் பியோர்ன் எம்ப்றேன் என்பவரின் முயற்சியால் இன்னொரு விதமாகச் செய்கிறார்கள். முழங்கை மொத்தத்துக் கல்லைப் போட்டு, இடைவெளிக்குள் மண்ணைத் தண்ணீரால் கழுவி இறக்கி, கூரையிலும் வீதியிலும் விழுகிற மழையைக் குழாய்க் கிணற்றால் உள்ளே விடுகிறார்கள். அங்கேயுள்ள எங்கட சொந்தங்கள் தினமும் அதற்கு மேலாலே தான் நடந்து வேலைக்குப் போகினம்.

ஆனால் எங்களுக்கு ஆகக் கிட்டின உதாரணம் ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருக்கிறது. மான்ஹற்றனில் செப்ரெம்பர் 11 நினைவிடம். போய்ப் பார்த்திருப்பீர்கள். 400க்கு மேற்பட்ட மரங்கள், பெரும்பாலும் சதுப்பு வெள்ளை ஓக். அவை வெறும் நிலத்தில் நிற்கவில்லை. கீழே அருங்காட்சியகம், ரயில் நிலையம். அதாவது ஒரு கூரையின் மேலே மரம் வைத்திருக்கிறார்கள். மிதிக்கிற கல்லைத் தாங்குவதற்கு வேறு சட்டம் போட்டு, அதன் கீழே நீள வாய்க்காலாக மண்ணை நிரப்பி, ஒரு மரத்தின் வேர் அடுத்த மரத்தின் மண்ணுக்குள் போகும்படி விட்டிருக்கிறார்கள். அந்த மரங்கள் நடுவதற்கு முன் வருடக்கணக்காக வளர்ந்தது நியூ ஜேர்சியிலே மில்ஸ்ரோன் என்ற இடத்து நாற்றுமேடையில். 2010 ஓகஸ்டில் முதல் மரங்களைக் கொண்டுபோய் வைத்தார்கள். செத்தவர்களின் பெயருக்கு முன்னால் நிற்கப் போகிற மரம் சாகக் கூடாது என்பதற்காக அவ்வளவு பாடு.

இனி எங்கட மண்டபத்துக்கு வருவோம். புல் ஒழுங்கை 5 அடி அகலம், 120 அடி நீளம். அதிலே 14 மரம் என்றால் எட்டரை அடிக்கு ஒன்று. மரம் பருக்க முன்னமே ஒன்றை ஒன்று நெரிக்கும். தனித்தனிக் கிடங்கு வெட்டாமல் ஒழுங்கை முழுவதையும் ஒரே வாய்க்காலாக மூன்றடிக்குக் கிண்டி இளக்கினால் 1,800 கனஅடி மண் கிடைக்கும். அது இரண்டு மரத்துக்குக் காணும். நடைபாதைக்கு உள்பக்கம், மண்டபத்தின் முன் புற்றரை 10 அடி அகலத்துக்கு எங்கள் சொந்தக் காணி. அதுவும் 120 அடி. அந்த மண் 3,600 கனஅடி. நடைபாதையில் மூன்று நாலு இடத்தில் கொங்கிறீற்றை எடுத்து, கீழே கல்மண் கலவை போட்டு மூடினால் வேர் உள்பக்கம் போக ஒரு ஒழுங்கை கிடைக்கும். ஆக 5,400 கனஅடி. பெரிய மரம் ஐந்து. அதற்கு மேலே ஒன்றும் இல்லை. இதை நான் நாலு விதமாகக் கணக்குப் பார்த்துவிட்டேன். நடைபாதையில் கை வைக்க நகரசபையின் அனுமதி வேணும், வீதி மரத்துக்கு நிழல்மரக் குழுவின் அனுமதி வேணும். அப்படியொரு குழு வைக்க 1893ஆம் ஆண்டே இந்த மாநிலத்தில் சட்டம் வந்துவிட்டது, ஆகையால் நாங்கள் ஒரு புதினமும் கேட்கப் போவதில்லை.

ஐந்து மரம், 14 பெயர். இங்கே தான் மனம் கஷ்டப்படுகிறது. போன கிழமை ஒரு அம்மா எனக்கு ரெலிபோன் எடுத்தா. "தம்பி, என்ர பிள்ளைக்கு ஒரு கல்லறை இல்லை. மரமாவது தனிய இருக்கட்டும்" எண்டு சொன்னா. நான் என்ன சொல்லுவது? கனக்க நேரம் பேசாமல் இருந்துவிட்டுத் தான் சொன்னேன்: "அம்மா, நாலடிக் கிடங்கிலே வைச்சால் அது நல்லாத் தான் துளிர்க்கும். பத்துப் பன்னிரண்டு வருசத்திலே காயத் தொடங்கும். அப்ப வாளோட வாறவன் என்னைப் போல ஒரு ஆள் தான். அதை நீங்கள் வாசலில் நின்று பார்க்க வேணுமோ?" அவ ஒன்றும் சொல்லவில்லை. யோசிச்சுச் சொல்லுறன் எண்டு வைச்சிட்டா. நானும் அவசரப்படுத்தவில்லை.

அவவுக்காகவும் அவவைப் போல நினைக்கிறவர்களுக்காகவும் பின்பக்கம் போய்ப் பார்த்தேன். வாகனத் தரிப்பிடத்துக்கு அப்பால் வேலி வரைக்கும் ஒரு வெறும் புல்நிலம் இருக்கிறது. அதிலே ஒருபோதும் இயந்திரம் ஏறியதில்லை. ஒரு இரும்புக் கம்பியைக் குத்திப் பார்த்தேன், கையாலே அமத்த இரண்டடி இறங்கியது. முன்பக்கத்தில் அரை அடி கூட இறங்கவில்லை. பின்னால் நாலு மரம் தாராளமாக, ஒவ்வொன்றும் தனியே நிற்கலாம். வீதியால் போகிறவர்களுக்குத் தெரியாது என்பது தான் குறை. தனி மரம் வேண்டும் என்ற குடும்பங்கள் பின்பக்கத்தை எடுக்கட்டும். முன்னால் நிற்கிற ஐந்திலே இரண்டிரண்டு பெயராகப் பகிர்ந்துகொள்ளட்டும். இது என் யோசனை. பகிர்ந்துகொள்ளுகிறவர்கள் யாரோடு யார் என்பதைக் குடும்பங்களே பேசித் தீர்மானிப்பது நல்லது. செயற்குழு அதிலே தலையிடக் கூடாது.

மரவகை பற்றி ஒரு சொல். சதுப்பு வெள்ளை ஓக் இந்தக் காலநிலைக்கும் ஈரத்துக்கும் தாங்கும். ஆனால் ஒன்பதும் ஒரே வகையாக வைக்க வேண்டாம். ஆஷ் மரத்தைத் துளைக்கிற பச்சை வண்டு 2014இல் இந்த மாநிலத்துக்கு வந்தது. ஆஷ் மட்டுமே வைத்த தெருக்கள் மொட்டையாகப் போனதை நான் கண்ணாலே பார்த்தேன்.

உங்கட வீட்டு வாசலிலே நிற்கிற மரங்களுக்கும் இரண்டு மூன்று விசயம் சொல்லிவிட்டு முடிக்கிறேன். இங்கே மரத்தைச் சுற்றி மரத்தூளை மலை மாதிரிக் குவிக்கிற ஒரு பழக்கம் இருக்கிறது; பார்க்க எரிமலை மாதிரி. தயவுசெய்து செய்யாதையுங்கோ. அடிமரத்தின் பட்டை ஈரத்திலே அழுகும். இரண்டு மூன்று அங்குலத் தடிப்பிலே, அடிமரத்தில் முட்டாமல், அகலமாகப் பரவி விட்டால் காணும். ஊரிலே மாவுக்குக் குழை போட்டது மாதிரி. நடைபாதை எழும்பினால் நீங்களாகவே வேரைத் தறிக்க வேண்டாம், முதலில் நிழல்மரக் குழுவுக்கு அறிவியுங்கோ. நடைபாதையை வளைத்துப் போடலாம், கொங்கிறீற்றை அரைத்துச் சமப்படுத்தலாம், வழிகள் இருக்கின்றன. எதையும் கிண்ட முன் 811 என்ற இலக்கத்துக்கு அடியுங்கோ. காஸ் குழாயும் மின்சாரக் கம்பியும் எங்கே போகிறதென்று இலவசமாக வந்து அடையாளம் போட்டுவிட்டுப் போவார்கள். அலவாங்கு காஸ் குழாயில் பட்டால் பிறகு மரத்தைப் பற்றிப் பேச ஆள் இருக்காது.

வருகிற பொதுக்கூட்டத்தில் இது வாக்குக்கு வருகிறது. அதற்கு முன்னம் முன்பக்கத்து மண்ணிலும் பின்பக்கத்து மண்ணிலும் மாதிரி எடுத்து றட்கேர்ஸ் மண் பரிசோதனைக் கூடத்துக்கு அனுப்ப வேண்டும். செலவைப் பொருளாளர் ஒத்துக்கொண்டிருக்கிறார். மாதிரி எடுக்க வருகிற சனிக்கிழமை காலை எனக்கு இரண்டு இளைஞர்கள் வேணும். சப்பாத்து போட்டுக்கொண்டு வாருங்கோ.